ஒரிஜினல் விளக்கு

போன வருஷம் மழை கொட்டிய ஓர் இரவில், காராக் நெடுஞ்சாலையில் ஒரு லோரி மாமாவின் கொம்பி மீது ஏறப் பார்த்தது. பிரேக் அலறிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம். பின் படுக்கையில் மாமாவின் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்தியதும் லோரிக்காரர் இறங்கி வந்தார். “அண்ணே, பின்னாடி லைட் எரியுதா இல்லையான்னே தெரியல.” எரிந்துகொண்டுதான் இருந்தது.

அது 1970ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை என்று ஒரு குட்டி வீடு. விளக்கை மாற்றலாம் என்றேன். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஒரிஜினல்ல கை வைக்கக்கூடாதுடா. அப்புறம் அது கொம்பியா?”

எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவே சரியாக வராது. அதனால் வாசிக்க உட்கார்ந்தேன். ஒரிஜினல் என்றால் எது?

1947இல் பென் போன் என்ற டச்சு வணிகர் தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டி மாதிரி வண்டியைக் கிறுக்கினார். 1950இல் அது வோல்ஸ்பர்க் ஆலையிலிருந்து வெளிவந்தது. இயந்திரத்துக்கு வெறும் 25 குதிரைத்திறன். பின்னால் இரண்டு சின்னச் சிவப்பு விளக்குகள். பிரேக் விளக்கோ நடுவில் ஒன்றே ஒன்று. திரும்பும்போது கை நீட்டுவதுபோல் பக்கவாட்டில் ஒரு குச்சி எழும்பி நிற்கும். அந்த வேகத்துக்கு அது போதும். அறுபதுகளின் தொடக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு நீள்வட்ட விளக்குகள் வந்தன. மாமாவின் வண்டியில் இருப்பவை அந்த வகைதான். 1971 ஆகஸ்டில் ஆலை அவற்றையும் தூக்கிவிட்டு, உயரமான பெரிய விளக்குகளைப் பொருத்தியது. மாமா கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரிஜினலை ஆலையே அடுத்த வருஷம் கைகழுவியிருக்கிறது! சாலையில் வேகம் கூடக் கூட விளக்கும் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு கதை. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். விளக்கு இல்லாத டாக்சிகளோடு ஒப்பிட்டபோது பின்னாலிருந்து மோதும் விபத்துகள் 60.6 விழுக்காடு குறைந்திருந்தன. அமெரிக்கா 1986 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. எல்லா வண்டியிலும் வந்த பிறகு கணக்கெடுத்தார்கள். நீண்ட காலப் பலன் சுமார் 4.3 விழுக்காடுதான். கண்ணுக்குப் பழகிவிட்டது. (முதல் கொம்பியில் நடுவில் இருந்த விளக்குதான் வேறு வேஷத்தில் திரும்பி வந்ததோ என்று எனக்கு ஒரு சிரிப்பு.)

இதையெல்லாம் மாமாவிடம் ஒப்பித்தேன். அவர் 60.6ஐ விட்டுவிட்டு 4.3ஐப் பிடித்துக்கொண்டார். “நாலு பர்சண்டுக்கா என் காடிய வெட்டப் போற?” அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அந்த நாலுல நம்ம புள்ளைங்க ரெண்டும் இருந்தா?”

பேச்சு அதோடு முடிந்தது.

வெட்டவில்லை. பழைய கண்ணாடி மூடிகள் அப்படியே இருக்கின்றன. உள்ளேயிருந்த பல்புக்குப் பதில் எல்இடி. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடிதான் போட வேண்டும்; வெள்ளை போட்டால் நிறம் வெளிறிப் போகும். பழைய பல்பின் இழை சூடாகி முழு வெளிச்சம் தர சுமார் 0.2 வினாடி எடுக்கும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி அந்த நேரத்தில் ஐந்து மீட்டர் ஓடிவிடும், ஒரு கொம்பியின் நீளத்தைவிட அதிகம். விளக்குக்கூட்டின் எர்த் இணைப்பில் துரு மண்டிக் கிடந்தது. அதைச் சுரண்டியதிலேயே பாதி வெளிச்சம் திரும்பியது. பின் கண்ணாடியின் உட்புறம் மூன்றாவது விளக்கு ஒன்று. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், ஓட்டை எதுவும் போடவில்லை. மாமா போட்ட ஒரே நிபந்தனை அது.

இருட்டியதும் நான் ஐம்பதடி தள்ளிப் போய் நின்றேன். மாமா பிரேக்கை மிதித்தார்.

“தெரியுதாடா?”

“நல்லா தெரியுது மாமா. சிக்னல் போடுங்க.”

போட்டார். விளக்கு படபடவென்று பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. எல்இடி இழுக்கும் மின்சாரம் பழைய ஃபிளாஷர் ரிலேவுக்குப் போதவில்லை. பல்பு ஃபியூஸ் போனதாக அது நினைத்துக்கொண்டது.

“அதையும் மாத்தணுமா?” என்றார் மாமா, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.