பேய்ப்படம் பார்த்து சிரிச்சவனும், எழுந்து போனவனும்

மக்களே, ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். பேய்ப்படம் பார்த்து பயப்படறவங்களைக் கிண்டல் பண்றதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்துச்சு. "இருந்துச்சு"ன்னு தான் சொல்றேன், கவனிங்க.

போன வருஷம் மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெங்களூர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கற வீடு. ரிலீஸ் முடிஞ்ச வாரம் (படம் இல்லீங்க, சாஃப்ட்வேர்). எல்லாருக்கும் மண்டை காய்ஞ்சு போயிருந்தது. பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்து, லேப்டாப்பை டிவியில மாட்டி 'தி எக்ஸார்சிஸ்ட்' போட்டோம். உலகத்துலயே பயங்கரமான படம்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அதையும் பார்த்துடுவோம்னு.

எனக்கு பயமே வரலை. கட்டில் குதிக்குது, நான் சிரிக்கிறேன். பச்சையா வாந்தி எடுக்குது, "மச்சி, புதினா சட்னிடா"ன்னு கமெண்ட் வேற. ஆனா எங்க கூட இருக்கற தூத்துக்குடிக்காரன் நடுவுலயே எழுந்து பால்கனிக்குப் போயிட்டான். வாந்தி சீனுக்குக் கூட அவன் இல்லை. அதுக்கு முன்னாடி, டாக்டர்கள் எல்லாம் மேஜையைச் சுத்தி உட்கார்ந்து அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட கையை விரிக்கிற சீன் வருமே, அங்கேயே போயிட்டான். பேயே வராத சீனுக்கு பயந்துட்டான்னு ரெண்டு நாள் ஓட்டினோம். அவன் ஒண்ணும் பேசலை.

திங்கட்கிழமை காலையில ஆபீஸ் கேப்ல அவனே சொன்னான். அவனுக்கு ஏழு வயசு இருக்கும்போது அவங்க சித்திக்கு உடம்பு சரியில்லாம போச்சாம். பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மாசக்கணக்குல வச்சிருந்தாங்களாம். சாயங்கால மணி அடிச்சதும் தலையை விரிச்சுப் போட்டு ஆம்பளைக் குரல்ல கத்துவாங்களாம். கால்ல சங்கிலி. "நீங்க சினிமா பாத்தீங்கல. நான் நேர்ல பாத்தேன். டாக்டரே முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டா, அப்புறம் எங்கல போறது?" அவ்வளவு தான் சொன்னான். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கிட்டான்.

சில்க் போர்டு சிக்னல்ல முக்கால் மணி நேரம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஒரே படம், ஒரே டிவி. ஒருத்தன் சிரிக்கிறான், ஒருத்தன் எழுந்து போறான். ஏன்? அன்னைக்கு ஆரம்பிச்சு நிறைய படிச்சேன். படிச்சதை இங்க கொட்டிடறேன்.

முதல்ல ரயில் கதை. எல்லாரும் கேட்டிருப்பீங்க. லூமியேர் சகோதரர்கள் ரயில் வர்ற படத்தைக் காட்டினாங்களாம், திரையை விட்டு ரயில் வெளிய வந்துடும்னு ஜனங்க அலறி ஓடினாங்களாம். 1895 டிசம்பர் 28 பாரிஸ் கிராண்ட் கஃபேயில நடந்த அந்த முதல் கட்டணக் காட்சியில காட்டின 10 படத்துல ரயில் படமே கிடையாது. அது 1896ல தான் காட்டப்பட்டது. அப்பவும் கூட்டம் அலறி ஓடினதுக்கு அந்தக் காலத்து நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லைன்னு மார்ட்டின் லாய்பர்டிங்கர்ங்கற ஜெர்மன் திரைப்பட வரலாற்றாளர் தோண்டித் துருவி எழுதியிருக்கார். ஆச்சரியப்பட்டிருப்பாங்க, வாயைப் பிளந்திருப்பாங்க. ஆனா ஓட்டம் எல்லாம் பின்னாடி ஒட்ட வச்சது. இதே ரயில் படம் 1896 ஜூலையில பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கும் வந்துச்சு.

அப்புறம் ஏன் அந்தக் கதை நூறு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கு? அதைச் சொல்றப்ப நமக்கு ஒரு சுகம் இருக்குங்க. "அவனுக ஏமாளிங்க, நாம விவரம்"கற சுகம். பால்கனிக்குப் போனவனைப் பார்த்து நான் அனுபவிச்சேனே, அதே சுகம்.

பயத்தை மீட்டர் வச்சு அளந்த கதைதான் ஒரு இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவுல 1929லிருந்து 1932 வரைக்கும் பேய்ன் ஃபண்ட் ஆய்வுகள்னு (பேய் இல்லை, பேய்ன்! அந்த அறக்கட்டளையோட பேரே அதுதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது :-)) ஒரு பெரிய வேலை நடந்தது. சினிமா குழந்தைகளைக் கெடுக்குதான்னு கண்டுபிடிக்கறதுக்காக. அதுல டைசிங்கர், ரக்மிக்னு ரெண்டு பேர் அயோவாவுல படம் பார்க்கறவங்க விரல்ல மின்முனையை மாட்டி, கால்வனாமீட்டர்ல இணைச்சாங்க. பயத்துல, பரபரப்புல கை லேசா வேர்க்கும் இல்லையா, வேர்த்தா தோலோட மின்தடை குறையும். ஓம்ஸ் லா. முதல் வருஷ லேப்ல நாம செஞ்சது தான்.

ஆபத்தான காட்சிகளுக்குச் சின்னப் பிள்ளைகள்கிட்ட முள் எகிறுது, வயசு ஏற ஏற குறைஞ்சுக்கிட்டே வருது. (காதல் காட்சிகளுக்கு 16 வயசுப் பக்கம் தான் உச்சம். இதுக்கு மீட்டர் தேவையா?) பெரியவங்க ஏன் பயப்படலைன்னா, பார்க்கும்போதே "இது சினிமா, இது நடிப்பு"ன்னு மனசுக்குள்ள கழிச்சுக்கிட்டே பார்க்கறாங்களாம். நம்ம கடைக்காரர் பாஷையில சொன்னா, தள்ளுபடி. யாருக்கு எவ்வளவு தள்ளுபடி போடத் தெரியுதோ அவ்வளவு பயம் கம்மி.

அதே திட்டத்துல இன்னொரு கூட்டம் ஒஹாயோவுல ஒரு சிறுவர் விடுதியில கட்டிலுக்கு அடியில கருவி பொருத்தி, படம் பார்த்த ராத்திரி பிள்ளைங்க எத்தனை தடவை புரளுதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு பண்ணாங்க. எல்லாரும் ஒரே அளவு புரளலை. எனக்கு அந்தக் கட்டில்களை நினைச்சா பாவமா இருக்கு. பெத்தவங்க பக்கத்துல இல்லாத பிள்ளைங்க. அதுங்க புரண்டது படத்துனால மட்டும் தானா?

அடுத்து 1964. கலிபோர்னியா பெர்க்லியில ரிச்சர்ட் லாசரஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவர் குழு ஒரு படத்தை எடுத்துக்கிட்டாங்க. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பையன்களுக்குக் கல் கத்தியால நடக்கற ஒரு சடங்கு, பார்க்கவே முடியாது. ஒரு கூட்டத்துக்கு அதைச் சத்தமே இல்லாம காட்டினாங்க. இன்னொரு கூட்டத்துக்கு வலியை எடுத்துச் சொல்ற குரல். வேறொரு கூட்டத்துக்கு "இதெல்லாம் பெருசா வலிக்காது, பசங்க சந்தோஷமா செய்யறது"ங்கற குரல். நாலாவது கூட்டத்துக்கு விஞ்ஞானி மாதிரி ஒதுங்கி நின்னு விவரிக்கற குரல். கண்ணுக்கு முன்னாடி ஓடற படம் ஒண்ணுதான். ஆனா கடைசி ரெண்டு கூட்டத்துக்கும் கை வேர்வை கம்மி.

இதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சது. நான் எக்ஸார்சிஸ்ட் பார்த்தப்ப "மேக்கப் சூப்பர், இதை எப்படி எடுத்திருப்பான்"னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அது அந்த நாலாவது குரல் தான். நான் ஒண்ணும் வீரன் கிடையாது. என் மண்டைக்குள்ள வேற ஆடியோ டிராக் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவு தான். தூத்துக்குடிக்காரன் மண்டையில ஓடினது அவங்க சித்தி குரல்.

இப்ப அந்தப் படத்துக்கே வர்றேன். 1973 டிசம்பர் 26 அமெரிக்காவுல ரிலீஸ். குளிர்ல தெருவைச் சுத்தி கியூ நின்னாங்க. உள்ளே மயங்கி விழுந்தாங்க, வாந்தி எடுத்தாங்க, பாதியில எழுந்து ஓடினாங்கன்னு பத்திரிகை எல்லாம் எழுதுச்சு. இந்த ஓட்டத்துக்கு சாட்சி நிறைய உண்டு, ரயில் கதை மாதிரி இல்லை. 1975ல பொசூட்டோங்கற மனநல மருத்துவர் இந்தப் படம் பார்த்து நிலைகுலைஞ்சு தன்கிட்ட வந்த நாலு பேரைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதினார். 'சினிமா நரம்புத் தளர்ச்சி'ன்னு சொல்ற மாதிரி ஒரு பேரும் வச்சார். அந்த நாலு பேர் வாழ்க்கையில ஏற்கனவே இருந்த இழப்பையும் சிக்கலையும் படம் போய்த் தொட்டிருக்குங்கறது தான் அவர் சொன்னதோட சாரம்.

படம் எடுத்த விதமும் லேசுப்பட்டது இல்லை. இயக்குனர் வில்லியம் ஃப்ரீட்கின் அந்தப் படுக்கையறை செட்டையே ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர வச்சார், நடிகர்கள் மூச்சு புகையா தெரியணும்னு. பேய்க் குரல் மெர்சிடஸ் மெக்கேம்ப்ரிட்ஜ்ங்கற நடிகையோடது. சிகரெட்டும் பச்சை முட்டையுமா சாப்பிட்டு தொண்டையைக் கெடுத்துக்கிட்டுப் பேசினாங்க. ஒலிப்பதிவுல பன்றிகள் கத்தற சத்தத்தைக் கலந்திருக்காங்க. சிறந்த ஒலிக்கு ஆஸ்கர் சும்மா கிடைக்கலை. நாங்க பார்த்தது டிவியோட ஓட்டை ஸ்பீக்கர்ல, ஒரு கையில பரோட்டாவோட. பயம் எங்கேர்ந்து வரும்?

ஆனா முக்கியமான விஷயம் சத்தம் இல்லைங்க, நம்பிக்கை. கதாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி பக்தியான கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன்ல மாணவரா இருந்தப்ப, 1949ல ஒரு பையனுக்குப் பேய் ஓட்டின செய்தியைப் பேப்பர்ல படிச்சது தான் நாவலுக்கு விதை. படம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1972 நவம்பர்ல, போப் ஆறாம் பவுலே சாத்தான் நிஜம்னு உரையில பேசியிருந்தார். அந்த ஜனங்களுக்கு இது கற்பனை இல்லை, ஞாயித்துக்கிழமை கேட்ட விஷயம். அங்கே தள்ளுபடி எப்படிப் போடறது? படத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல பேய் ஓட்டச் சொல்லி வர்றவங்க எண்ணிக்கையே ஏறிடுச்சுன்னு மைக்கேல் கூனியோங்கற சமூகவியலாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கார். பிரிட்டன்ல 1988லிருந்து 1999 வரைக்கும் இதோட வீடியோ கேசட்டைக் கடையில சட்டப்படி வாங்க முடியாது.

நம்பிக்கை, நினைவு, தள்ளுபடி இது எதுவுமே வேண்டாம், மூளையில ஒரு பாகம் இல்லைன்னா போதும்னு சொல்ற ஒரு கேஸும் இருக்கு. எஸ்.எம்.ங்கற எழுத்துகளால மட்டும் அறியப்படற ஒரு அமெரிக்கப் பெண்மணி. ரொம்ப அபூர்வமான நோயால அமிக்டலாங்கற பகுதி ரெண்டு பக்கமும் சிதைஞ்சு போச்சு. ஆய்வாளர்கள் அவங்களுக்கு பிளேர் விட்ச், ஷைனிங்னு வரிசையா போட்டுக் காட்டினாங்க. கென்டகியில பேய் வீடா மாத்தின பழைய காசநோய் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனாங்க. ஆர்வமா ரசிச்சாங்களே ஒழிய பயம் வரலை. 2011ல இந்த ஆய்வு வெளியாச்சு. சரி, பயமே இல்லாத மனுஷின்னு முடிவு கட்டியாச்சுன்னு நினைச்சப்ப, 2013ல இன்னொரு ஆய்வு. கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்தை சுவாசிக்க வச்சதும் மூச்சு முட்டி அலறிட்டாங்க! வெளியேர்ந்து வர்ற பயத்துக்கு ஒரு வாசல், உள்ளேர்ந்து கிளம்பற பயத்துக்கு வேற வாசல் போல.

இவ்வளவு பேசற எனக்கு என்ன வாசல்னு கேக்கறீங்களா? சொல்லித் தொலைக்கிறேன். சந்திரமுகி.

2005. எனக்கு எட்டு வயசு. ஊரே வடிவேலுவைப் பார்த்து சிரிச்சு உருண்டுக்கிட்டு இருக்கு, நான் ஜோதிகா கண்ணை உருட்டின நிமிஷத்துலேர்ந்து அம்மா முந்தானைக்குள்ள. ஒரு மாசம் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போகலை. ஜோவான் கேன்டர்னு ஒரு ஆய்வாளர் 1980கள்ல இதைப் படிச்சிருக்காங்க. இன்க்ரெடிபிள் ஹல்க் சீரியல்ல நல்ல மனுஷன் பச்சை ராட்சசனா மாறுவான் இல்லையா, அந்த மாற்றம் தான் சின்னப் பிள்ளைகளை ஆட்டிப் படைக்குதுன்னு. ஹல்க் நல்லவன் தான்னு எவ்வளவு சொன்னாலும் அந்த வயசுல ஏறாது, கண்ணுக்குத் தெரியறது தான் நிஜம். கேன்டர் சொல்றது இன்னும் சின்னப் பிள்ளைங்களை. நான் எட்டு வயசுல மாட்டினேன், கொஞ்சம் லேட் பிக்கப். ரஜினி வந்து இது மனநோய்னு பத்து நிமிஷம் விளக்கினதெல்லாம் பெரியவங்களுக்கு. எனக்குத் தெரிஞ்சது ஒரு அக்கா இன்னொரு ஆளா மாறினது மட்டும் தான்.

கிறிஸ்துமஸ் லீவ் முடிஞ்சு தூத்துக்குடிக்காரன் வந்தான். வழக்கம் போல ஒரு டப்பா மக்ரூன். நாங்க மூணு வருஷமா போட்டி போட்டுத் தின்னுக்கிட்டு இருக்கற மக்ரூன். அன்னைக்குத் தான் தெரிஞ்சது, அதை ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கொடுத்து அனுப்பறது அந்த சித்தி தான்னு. கோயில்ல ஒண்ணும் சரியாகாம, கடைசியில திருநெல்வேலியில ஒரு மனநல டாக்டர்கிட்ட மாத்திரை எடுத்து குணமாகி, இப்ப தையல் கடை வச்சிருக்காங்களாம்.

நான் சாரி கேட்டேன். "விடுல"ன்னான். இன்னைக்கு என்ன படம்னு நீயே சொல்லுடான்னேன்.

"சந்திரமுகி போடு. அது எனக்குப் புடிக்கும். அதுல டாக்டர் கைய விரிக்க மாட்டாரு."

போட்டாங்க. 'ரா ரா' ஆரம்பிச்சப்ப எனக்கு ஊர்லேர்ந்து போன் வந்துச்சு, பேசறதுக்குப் பால்கனிக்குப் போனேன். போன் வரவே இல்லைன்னு ஒருத்தன் உள்ளேர்ந்து கத்தினான். பச்சைப் பொய் மக்களே, நம்பாதீங்க.