2.0 (திரைப்படம்)

2.0 என்பது 2018 ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று வெளிவந்த தமிழ் அறிபுனைத் திரைப்படம் ஆகும். இது 2010 இல் வெளிவந்த எந்திரன் திரைப்படத்தின் தொடர்ச்சியாகும். சங்கர் இயக்கிய இப்படத்தில் ரஜினிகாந்த், அக்சய் குமார், ஏமி ஜாக்சன் ஆகியோர் நடித்துள்ளனர். ஏ. ஆர். ரகுமான் இசையமைக்க, லைக்கா நிறுவனம் தயாரித்தது. சிட்டி என்னும் எந்திர மனிதனை மையமாகக் கொண்ட இப்படம், மீநாயகன் (சூப்பர் ஹீரோ) படங்களின் இலக்கணத்தையே பெரிதும் பின்பற்றுகிறது.

கதைச் சுருக்கம்

சென்னையில் கைப்பேசிகள் அனைத்தும் திடீரென்று பறந்து மறைகின்றன. அவை ஒன்றுசேர்ந்து பெரும் பறவை உருக்கொண்டு சிலரைக் கொல்கின்றன. கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு இறந்த பறவையியலாளர் பட்சிராசனின் ஆற்றலே இதற்குக் காரணம் என அறியும் அறிவியலாளர் வசீகரன், முன்னர்ப் பிரித்து வைக்கப்பட்ட சிட்டியை மீண்டும் உருவாக்குகிறார்.

தொழில்நுட்பம்

இப்படத்தின் முதன்மையான நிறை இதுவே. படம் முடிந்த பின் முப்பரிமாணத்துக்கு மாற்றப்படாமல், முப்பரிமாணப் படப்பிடிப்புக் கருவிகளாலேயே நீரவ் சா இதனை ஒளிப்பதிவு செய்தார். ரெசூல் பூக்குட்டி ஒலி வடிவமைப்பையும் வி. சீனிவாச மோகன் காட்சி விளைவுகளையும் மேற்கொண்டனர். 2017 தீபாவளிக்கு அறிவிக்கப்பட்டிருந்த வெளியீடு, வரைகலைப் பணிகளால் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. சாலை முழுதும் கைப்பேசிகள் ஊர்ந்து வரும் காட்சியில் அவ்வுழைப்பு வெளிப்படுகிறது.

கதைமாந்தர்

எந்திரனில் சிட்டிக்கு உணர்வு ஊட்டப்பட்டதே கதையின் முடிச்சு. காதல், பொறாமை, சினம் ஆகியவற்றைக் கற்ற எந்திரம் இறுதியில் தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. தொடர்ச்சியில் இந்த அகப் போராட்டம் இல்லை. சிட்டி இங்கு ஏறத்தாழ ஒரு படைக்கலமே. எந்திரனின் உரையாடலில் பங்காற்றிய சுஜாதா 2008 இல் மறைந்தார், 2.0 படத்துக்குச் சங்கருடன் இணைந்து எழுதியவர் ஜெயமோகன். முதற்படத்தின் குறும்பும் இதில் குறைவே.

சிட்டி இழந்த கனத்தைப் பெறுபவர் பட்சிராசன். நா. முத்துக்குமார் எழுதிய புள்ளினங்காள் பாடல் இடம்பெறும் அவருடைய முன்கதை, படத்தின் மிகச் சிறந்த பகுதி எனலாம். ஆனால் இதனால் ஒரு சிக்கலும் எழுகிறது. பார்வையாளரின் பரிவு எதிர்நாயகன் பக்கம் சாய்ந்த பிறகும், அவரை வீழ்த்தியாக வேண்டும் என்பதே கதையின் தேவை. புறாக்களின் மீது ஏறி வரும் நுண் எந்திரங்கள் அப்புறாக்களையே பணயமாக வைத்து அவரைப் பணியச் செய்கின்றன. நாயகன் தரப்பு இவ்வழியில் வெல்வதன் முரணைப் படம் ஆராயாமல் கடந்துவிடுகிறது. அவருடைய வழி தவறு, நோக்கம் சரி என்று வசீகரன் பின்னர்க் கூறுவது போதுமானதாக இல்லை.

அறிவியல் அடிப்படை

பட்சிராசன் பாத்திரத்துக்குப் பறவையியலாளர் சலீம் அலி (1896-1987) தூண்டுதலாக அமைந்தார். இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995 இல்தான். ஆகவே கோபுரங்களுக்கு எதிரான போராட்டம் முழுக்கக் கற்பனையே.

கைப்பேசிக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்று படம் உறுதியாகச் சொல்கிறது. அறிவியல் அவ்வாறு உறுதிப்படுத்தவில்லை. செருமனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்காந்த இரைச்சல் ஐரோப்பிய ராபின் பறவையின் திசையறியும் திறனைக் குலைப்பதாக 2014 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். எனினும் அந்த அதிர்வெண்கள் 50 கிலோ எர்ட்சு முதல் 5 மெகா எர்ட்சு வரையிலானவை. கைப்பேசிகள் பயன்படுத்துபவை நூற்றுக்கணக்கான மெகா எர்ட்சும் அதற்கு மேலும் ஆகும். சிட்டுக்குருவிகள் பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் ஏறத்தாழ நிலையாக உள்ளன என 2020 ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை தெரிவித்தது. பூச்சி உணவும் கூடு கட்ட இடமும் குறைந்தமை நகரச் சரிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

கைப்பேசி நிறுவனங்களின் சங்கமான சி.ஓ.ஏ.ஐ., இப்படம் தவறான கருத்தைப் பரப்புவதாக 2018 நவம்பரில் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. படம் அறிவித்த நாளிலேயே வெளியானது.