பச்சை மேஜையும் நம் பெரியோரும்

நருமதை நதியின் அருகமைந்த இந்த ஜபல்பூர் நகருக்குப் பிழைப்பை நாடி வந்து, இதனையே இரண்டாம் தாயகமாகக் கொண்டுவிட்ட தமிழ்க் குடும்பத்தினர் நாம். ஊரிலிருந்து உறவினர் வருங்கால், பேடாகாட்டின் பளிங்குப் பாறைகளையும் துவாந்தார் அருவியையும் அழைத்துச் சென்று காட்டி மகிழ்கின்றோம். ஆயின், இன்று உலகின் பல நாடுகளிலும் ஆடப்பெறும் ஸ்நூக்கர் என்னும் ஆட்டம் இதே ஊரிலேதான் பிறந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர் நம்முள் எத்தனை பேர்? அருகிலிருப்பதன் அருமை அறியாமை மனித இயல்பு போலும்!

இவ்வாண்டு விழாவில், நம் காலனி இன்ஸ்டிட்யூட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் நாற்பது ஆண்டுகளாக ஆடி வந்துள்ள ஐந்து பெரியோருக்கும், அவ்வறையின் மார்க்கராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவருக்கும் பொன்னாடை போர்த்திச் சிறப்புச் செய்வதென நம் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்துள்ளது. இம்முடிவு எளிதில் எட்டப்பட்டதன்று. "கோல் பிடித்துப் பந்து உருட்டியவர்களுக்குப் பொன்னாடையா? இவர்கள் நாட்டுக்குக் கோப்பை வென்று தந்தார்களா?" என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. அன்று கூட்டத்தில் நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிய பின்னர் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் ஆட்டத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். பில்லியர்ட்ஸ் ஐரோப்பாவில் தோன்றிய பழைய ஆட்டம். புல்தரையில் பந்துகளைத் தட்டி ஆடிய விளையாட்டே மேஜைமீது ஏறியது என்றும், மேஜையின் பச்சைத் துணி அப்புல்தரையின் நினைவே என்றும் கூறுவர். ஆங்கிலேயர் தம் படைகளோடும் அலுவலகங்களோடும் இதனையும் நம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். மூன்றே பந்துகள் கொண்ட பில்லியர்ட்ஸ் இருவர் ஆடுதற்கு ஏற்றது. பலர் கூடி ஆட விரும்பியபோது 'பூல்' வகை ஆட்டங்கள் வழக்கிற்கு வந்தன. ஆடுவோர் அனைவரும் இடும் பணத்தின் கூட்டுத் தொகைக்கே பூல் என்று பெயர். வென்றவர் அதனை எடுத்துக்கொள்வார். சூதாட்டத்தின் சாயல் இவ்வாட்டத்தின்மீது படிந்ததும், நம் அன்னையர் பலர் பில்லியர்ட்ஸ் அறையின் பெயரைக் கேட்டாலே முகஞ்சுளித்ததும் இக்காரணத்தாலேயே.

1875-ஆம் ஆண்டின் மழைக்காலம். மத்திய இந்தியாவின் மழை எத்தகையது என்பதை நாம் நன்கறிவோம். வெளியே கால் வைக்க இயலாது. ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள், தம் உணவு விடுதியிலிருந்த மேஜையில் நாள்தோறும் ஒரே ஆட்டத்தை ஆடிச் சலித்திருந்தனர். அவர்களுள் நெவில் சேம்பர்லேன் என்ற இருபது வயதும் நிரம்பாத இளைஞர் ஒருவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய நெவில் சேம்பர்லேன் வேறொருவர். இருவரையும் ஒருவரெனக் கொள்ளலாகாது. பதினைந்து சிவப்புப் பந்துகளைக் கொண்ட 'பிரமிட்' ஆட்டத்தையும், கரும்பந்தை உடைய 'பிளாக் பூல்' ஆட்டத்தையும் இவ்விளைஞர் ஒன்றாக இணைத்தார். பின்னர் வேறு வண்ணப் பந்துகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

பெயர் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் ஊல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரை 'ஸ்நூக்கர்' என்று கேலியாக அழைப்பது வழக்கமாம். எளிய பந்தொன்றைக் குழியில் வீழ்த்தத் தவறிய நண்பரைப் பார்த்துச் சேம்பர்லேன் அச்சொல்லால் நகையாடினார். அவர் மனம் புண்படாதிருக்கும் பொருட்டு, இப்புதிய ஆட்டத்தில் நாம் அனைவருமே ஸ்நூக்கர்கள்தாம் என்று சமாதானமும் கூறினார். அப்பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. கற்றுக்குட்டி என்னும் பொருளுடைய சொல்லே இன்று உலகப் பட்டங்களின் பெயராக விளங்குவது வியப்பன்றோ!

இரயில்வே ஊழியராகிய நாம் மகிழ்தற்குரிய செய்தியும் ஒன்றுண்டு. அலகாபாத்திலிருந்து கிழக்கிந்திய இரயில்வே 1867-இல் ஜபல்பூரை எட்டியது. இட்டார்சி வழியாக ஜி.ஐ.பி. இரயில்வே 1870 மார்ச்சில் வந்து சேர, பம்பாயும் கல்கத்தாவும் இவ்வூரில் கைகோத்தன. அதற்கு ஐந்தே ஆண்டுகளுக்குப் பின்னர் ஸ்நூக்கர் பிறந்தது. முழு அளவுள்ள பில்லியர்ட்ஸ் மேஜை பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உடையது. பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது மரமன்று, கனத்த கற்பலகைகள். மேஜையின் எடை ஒரு டன்னுக்கும் மேல். அத்தகைய சரக்கை உடையாது ஏற்றி இறக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் கூட்ஸ் ஷெட்டில் பணியாற்றியோர் அறிவர். இவ்வாட்டம் நாடெங்கும் பரவியதில் இருப்புப்பாதைக்குப் பங்கில்லை என எவரால் கூற முடியும்?

ஜபல்பூரில் பிறந்த குழந்தைக்கு இலக்கணம் வகுக்கப்பட்டதோ நம் தமிழகத்து நீலமலையில்! 1881-இல் சேம்பர்லேன், சென்னைப் படையின் தளபதியாயிருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் என்பாரின் கீழ்ப் பணிபுரியச் சென்றார். கோடையில் அவர்கள் உதகமண்டலத்தில் தங்கினர். அங்குள்ள ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையிலேதான் ஸ்நூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. மலை இரயில் உதகையை அடைந்தது 1908-இல். ஆதலின் அந்நாளில் அக்கற்பலகைகள் மனிதர் தோள்களையும் மாட்டு வண்டிகளையும் நம்பியே மலையேறியிருக்க வேண்டும். பிழைக்க வடக்கே வந்த நமக்கும், விதிகளைத் தேடித் தெற்கே சென்ற இவ்வாட்டத்துக்கும் உள்ள ஒற்றுமையை எண்ணி நாம் புன்னகைக்கலாம்.

பின்னர் 1885-இல் இங்கிலாந்தின் பெரும் ஆட்டக்காரரான ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தபோது, கல்கத்தாவில் சேம்பர்லேனைக் கண்டு விதிகளைக் கேட்டறிந்து தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார் என்பது வரலாறு. ஆட்டத்தின் பிறப்பிடம் குறித்துப் பிற்காலத்தில் ஐயங்கள் எழுந்தன. 1938-இல் முதியவராகிவிட்ட சேம்பர்லேன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஜபல்பூரின் பெருமையை நிலைநாட்டினார்.

நிற்க. இவ்வரலாற்றில் அதிகாரிகளின் பெயர்கள் உள்ளன. தளபதிகளின் பெயர்கள் உள்ளன. மழைக்கால ஈரத்தில் துணியைத் துலக்கி இஸ்திரி போட்டவர் யார்? கோல்முனையின் தோலைச் செப்பனிட்டவர் யார்? ஒவ்வோர் அடிக்கும் எண்ணிக்கையை உரக்கக் கூறியவர் யார்? மார்க்கர் எனப்பட்ட நம் நாட்டவரே. வெள்ளையர் கிளப்புகள் பலவற்றில் இந்தியருக்கு உறுப்பினராகும் உரிமை இல்லாதிருந்த காலத்திலும், அம்மேஜையின் ஒவ்வொரு அங்குலத்தையும் அறிந்திருந்தவர் அவரே. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நாடு விடுதலையடைந்த பின்னர் நிலைமை மாறியது. 1922-இல் புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வாகை சூடினார். தனிநபர் விளையாட்டு எதிலும் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. 1964-இல் நியூசிலாந்திலும் அப்பட்டத்தை மீண்டும் வென்றார். தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தைப் பன்னிரு முறை பெற்ற அப்பெரியார் 2003-இல் மறைந்தார். அவரைப் பின்பற்றி மைக்கேல் பெரைரா 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். ஓம் அகர்வால் 1984-இல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டத்தைப் பெற்றார். கீத் சேத்தியும், இருபத்தைந்துக்கு மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்ற பங்கஜ் அத்வானியும் அம்மரபை வளர்த்தனர்.

இவண் 'அமெச்சூர்' என்ற சொல்லைச் சிந்திக்க வேண்டும். தேர்ச்சியற்றவர் என்று பலர் அதற்குப் பொருள் கொள்கின்றனர். அஃது இலத்தீன் மொழியில் அன்பு என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. அன்பின் பொருட்டு ஆடுபவனே அமெச்சூர். வில்சன் ஜோன்ஸ் உலகையே வென்றபோதும் அவ்வாறே ஆடினார். நம் காலனிப் பெரியோர் ஐவரும் அவ்வாறே ஆடினர். வேறுபாடு திறமையின் அளவிலன்றி அன்பின் அளவில் இல்லை.

அவர்கள் செய்ததென்ன? இரவுப் பணி முடித்து வந்த கார்டும், பகற்பணிக்குச் செல்லவிருந்த கணக்கரும் ஒரே மேஜையில் ஆடினர். அவர்களுள் தமிழரும் உளர். வங்காளியும் மராத்தியரும் ஆங்கிலோ-இந்தியரும் உளர். காசு வைத்து ஆடலாகாது என்ற விதியை அவர்களே வகுத்து நாற்பது ஆண்டுகள் காத்தனர். துணி கிழிந்தபோது மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துப் புதுத் துணி போர்த்தினர். அடித்த பந்து தம் சட்டையில் பட்டதை நடுவர் காணாதபோதும், "தவறு என்னுடையது" என்று தாமே கூறிக் கோலைத் தாழ்த்தினர். அதனை நம் பிள்ளைகள் சன்னலருகே நின்று பார்த்தனர். எந்தப் பாடநூல் இதனினும் சிறந்த பாடத்தைப் புகட்டும்?

மார்க்கர் பெரியவரைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கு மிகுதியும் செல்லாத அவர், எத்துணைப் பெரிய எண்ணிக்கையையும் மனத்திலேயே கூட்டுவார். அவ்வைவரின் கைகளுக்கும் முதன்முதலில் கோல் பிடிக்கக் கற்பித்தவர் அவரே. வெற்றி பெற்றோரின் பெயர் தாங்கிய பலகை அவ்வறைச் சுவரில் தொங்குகின்றது. அதில் ஐவருள் மூவரின் பெயர் உண்டு. மார்க்கரின் பெயர் இல்லை. போட்டியில் ஆடாதவர் பெயர் எங்ஙனம் இடம்பெறும்? ஆகவே விழா மேடையில் அவர் பெயரையே முதலில் அழைப்பதென்று முடிவாகியுள்ளது. முன்னர் வினா எழுப்பிய உறுப்பினரே இதனை முன்மொழிந்தார் என்பதை மகிழ்வோடு பதிவு செய்கின்றோம்.

இன்று அவ்வறையில் மாலை நேரத்தில் மூவர் அல்லது நால்வரே கூடுகின்றனர். விளக்கு எரிகின்றது, ஆடுவோரைக் காணோம். இளைஞரின் கண்களைக் கைப்பேசி கவர்ந்துகொண்டது. ஆளில்லா அறைக்கு வேறு பயன் தேடுவது நிருவாகத்தின் இயல்பு. பொன்னாடை போர்த்திக் கைதட்டிவிட்டு வீடு திரும்பினால் நம் கடமை முடிந்ததாகாது. வாரத்தில் ஒரு மாலையேனும் நம் மகனையும் மகளையும் அவ்வறைக்கு அனுப்புவோம். அப்பெரியோர் கற்பிக்க ஆயத்தமாக உள்ளனர், கற்பாரைத்தான் காணோம்.

பிறந்த ஊரிலேயே ஓர் ஆட்டம் அணைந்துபோக நாம் சாட்சிகளாக இருத்தல் தகுமோ? கோப்பை வென்றோரை நாடு போற்றும். கோப்பையின்றியும் விளக்கை அணையாது காத்தோரை அவர்தம் அண்டை வீட்டாரே போற்றுதல் வேண்டும். அவ்வண்டை வீட்டார் நாமே.

வாழ்க அப்பெரியோர்! வளர்க நம் சங்கம்!