அரசே ஒரு தரப்பு என்றால் நடுவர் யார்? – நீலன் திருச்செல்வம்

இந்த எபிசோடை எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆவுடையார்கோவில்னா உடனே மாணிக்கவாசகர், குதிரை வாங்கக் கொடுத்த பணத்துல கோயில் கட்டின கதைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்க தலபுராணத்துல இன்னொரு கதையும் இருக்கு. அது ஒரு நில வழக்கு. ஊர் அந்தணர்களோட நிலத்தை ஒரு பாளையக்காரர் பறிச்சுக்கிறார். வழக்கு பாண்டிய மன்னன்கிட்ட போகுது. சிவனே ஒரு பெரியவர் வேஷத்துல வந்து ஊர்க்காரங்களுக்காக வாதாடுறார். “அது மேட்டு நிலம், தோண்டினா தண்ணி வராது”ன்னு பாளையக்காரர் சொல்ல, பெரியவர் தோண்டச் சொல்லி ஊற்றைக் காட்டுறார். நிலம் திரும்பக் கிடைக்குது.

சின்ன வயசுல இது எனக்கு வெறும் சாமி கதை. இப்ப கேட்டா என் கவனம் மன்னன் மேலதான் போகுது. அந்த நிலத்துல அவருக்குப் பங்கு இல்லை. அதனால ரெண்டு தரப்பும் தீர்ப்பை ஏத்துக்குது. ஆனா மன்னனே ஒரு தரப்பா இருந்தா? வழக்கை யார்கிட்ட கொண்டுபோறது?

எங்க ஊர்ல இருந்து தென்கிழக்கே போனா மீமிசல், அப்புறம் கடல். அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தக் கேள்வியோட வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டின ஒருத்தர் இருந்தார்.

நீலன் திருச்செல்வம் 1944-ல் பிறந்தார். அப்பா மு. திருச்செல்வம் பெரிய வழக்கறிஞர். தமிழரசுக் கட்சி சார்பில் 1965-ல் டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சரானவர். மாவட்ட சபைகள் தருவதாக டட்லி தந்தை செல்வாவுடன் செய்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1968-ல் அப்பா பதவி விலகினார். அதுக்கு முன்னாடி 1957-ல் பண்டாரநாயக்க செய்த ஒப்பந்தமும் கிழிக்கப்பட்டிருந்தது. அரசு கையெழுத்துப் போடும், அப்புறம் பின்வாங்கும். இதை நீலன் புத்தகத்துல படிக்கல, வீட்டுலயே பார்த்தார்.

ஹார்வர்டில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது இலங்கை கிராமங்களில் இயங்கிய இணக்க சபைகளை. வழக்கு நீதிமன்றம் போகும் முன் ஊர்க்காரர்களே உட்கார்ந்து சமரசம் பேசுற அமைப்பு அது. ஆனா உறுப்பினர்களை நியமிச்சது அமைச்சர். அப்ப அது ஊர் நியாயமா, அரசு நியாயமா? திரும்பவும் அதே கேள்வி.

1982-ல் கொழும்பில் இனத்துவ ஆய்வுக்கு ஒரு மையமும், சட்டம் மற்றும் சமூகத்துக்கான அறக்கட்டளையும் தொடங்கினார். அடுத்த வருஷம் கறுப்பு ஜூலை. அப்ப அவர் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி. பிரிவினைக்கு எதிரா உறுதிமொழி எடுக்கணும்னு ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தாங்க.

1994-ல் மறுபடி எம்.பி. ஆனார். சந்திரிகா அரசின் அமைச்சர் ஜி.எல். பீரிஸும் ஒரு சட்டப் பேராசிரியர். அவருடன் சேர்ந்து ஒரு தீர்வுத் திட்டத்தை வரைந்தார். 1995 ஆகஸ்ட்டில் அது வெளியானது. அதன் மையம்: இலங்கை ஒற்றையாட்சி இல்லை, ‘பிராந்தியங்களின் ஒன்றியம்’.

நம்ம பாஷையில சொல்றேன். ஒற்றையாட்சியில எல்லா அதிகாரமும் ஒரே அட்மின்கிட்ட. 1987-ல் வந்த மாகாண சபைகள், அவர் கொடுத்த பெர்மிஷன் மாதிரி. நினைச்சா முடக்கலாம். 2014-க்குப் பிறகு பல வருஷம் தேர்தலே நடக்காம அந்தச் சபைகள் கிடந்தது இதுக்கு உதாரணம். ஒன்றியம்னா, பிராந்தியத்தோட உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கும். மத்தியில உட்கார்ந்திருக்கிறவர் தனியா அதை எடுக்க முடியாது. சட்டத்தையே நடுவராக்கும் முயற்சி இது.

விமர்சனத்தையும் சொல்லியே ஆகணும். திட்டம் வருவதற்கு முந்தைய மாதம்தான் நவாலி தேவாலயத்தில் விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அக்டோபர் கடைசியில யாழ்ப்பாணத்துல இருந்து லட்சக்கணக்கான மக்கள் வெளியேறினாங்க. குண்டு போடுற அரசோட உட்கார்ந்து சட்டம் எழுதுறதான்னு தமிழர்கள் கேட்டதுல நியாயம் இருந்தது. ‘துரோகி’ன்னும் சொன்னாங்க. அந்த வார்த்தைதான் ஆபத்தானது.

1999 ஜூலை 29. கொழும்பில் அலுவலகத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் கார் மேல் பாய்ந்தார். நீலனுக்கு வயது 55. இலங்கை அரசும் மனித உரிமை அமைப்புகளும் விடுதலைப் புலிகளைத்தான் குற்றம் சாட்டின. இன்னும் சில வாரங்களில் அவர் ஹார்வர்டுக்குப் பாடம் நடத்தப் போக வேண்டியது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், பல திருத்தங்களுக்குப் பிறகு அந்த அரசியலமைப்பு வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். எழுதினவரைக் கொன்னது ஒரு தரப்பு, எழுதினதை எரிச்சது இன்னொரு தரப்பு.

ஈழம் பத்தின போஸ்டர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இவர் பேரு எனக்குத் தெரிஞ்சதே இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான். அவர் திட்டம் ஜெயிச்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ரெண்டு தரப்பும் ஏத்துக்கிற ஒரு நடுவரைத் தேடினவரை நாம மறந்துட்டோம். மீமிசல் கடற்கரையில நிக்கும்போது இனி அவர் ஞாபகமும் வரும்.

நீங்க ஒத்துக்கலன்னா எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.