திண்ணையில் அமராதவர்கள்

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி செவியில் விழும் கூற்று ஒன்று உண்டு. தமிழ்ச் சமூகம் தொன்றுதொட்டே எழுத்தறிவு பெற்ற சமூகம் என்பதே அது. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானை ஓடுகளில் எளிய மனிதர்கள் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்பதும், சங்கப் பாடல்களைப் பாடியோருள் பெண்பாற் புலவர்களும் வணிகர்களும் இருந்தனர் என்பதும் அதற்குச் சான்றுகளாகக் காட்டப்படும். இச்சான்றுகளை நாம் மறுக்க முன்வரவில்லை. தமிழிலக்கியம் கற்பிக்கும் நாமும் வகுப்பறையில் இவற்றைப் பெருமிதத்தோடு சொல்லி வந்தவர்கள்தாம். ஆயினும் ஓர் ஓட்டில் பெயர் இருக்கிறது என்பதைக் கொண்டு அந்த ஊரில் எத்தனை பேருக்கு அப்பெயரைப் படிக்கத் தெரிந்திருந்தது என்று அறிய இயலாது. படித்தவர்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் மண்ணில் மிகப் பிந்தியே வந்தது. எண்ணத் தொடங்கிய பின்னரும் ஒவ்வொரு கணக்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்லி, வேறொரு கேள்வியை மறைத்தே வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி வரலாற்றை அந்த மறைவிடங்களின் வழியாகப் பார்ப்பது பயனுடையது என்று எண்ணுகிறோம்.

மன்றோவின் கணக்கு

1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்களிடம் ஒரு விவரம் கேட்டார். உங்கள் எல்லைக்குள் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எந்தெந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதே கேள்வி. விடைகள் வந்து சேர நான்காண்டுகள் ஆயின. 1826ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மன்றோ எழுதிய குறிப்பில் தொகை காணப்படுகிறது. ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம் வழங்கிய பகுதிகளும் அம்மாகாணத்தில் அடங்கியிருந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்னும் இந்நிலை, அதற்குச் சற்று முற்பட்ட காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையைவிட உயர்ந்தது என்பது மன்றோவின் கருத்தாகவும் இருந்தது.

இவ்வறிக்கைகளைத் தொகுத்து 1983இல் தரம்பால் ‘அழகிய மரம்’ என்னும் நூலாக வெளியிட்ட பின்னர், இக்கணக்கு அறிவுலகில் புத்துயிர் பெற்றது. ஆங்கிலேயர் வருமுன் இந்நாடு கல்லாமை இருளில் மூழ்கிக் கிடந்தது என்ற கதையை அது உடைத்தது. தமிழ் வழங்கிய மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மையினர் என்பதையும் காட்டியது. இவை இரண்டும் உண்மையே.

ஆனால் அதே அட்டவணையில் வேறோர் எண்ணும் உள்ளது. அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்கு மூவரும் இல்லை. சாதிப் பகுப்பிலோ, முதலில் மேல்வருணத்தார்க்கும் சூத்திரர்க்கும் தனித்தனிப் பத்திகள். பிறகு ‘ஏனைய சாதியார் அனைவரும்’ என்று ஒரே பத்தி. சேரியிலிருந்து ஒரு பிள்ளையேனும் வந்ததா என்று அப்பத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பள்ளி நடந்த இடத்தை எண்ணிப் பார்த்தால் விடையை ஓரளவு ஊகிக்கலாம். திண்ணைப் பள்ளி என்பது ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ நடப்பது. எந்தத் தெருவில் நடக்கவே உரிமை இல்லையோ, அந்தத் தெருவின் திண்ணையில் ஏறி அமர்வது எங்ஙனம்?

மணலும் மனப்பாடமும்

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் சென்றனர். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு, சதகங்கள், எண்சுவடி ஆகியவற்றை உரக்கச் சொல்லி உருப்போட்டனர். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குக் கற்பித்தான். உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் இப்பள்ளிகளின் நாள்முறையைப் பதிவு செய்துள்ளதை இலக்கிய வாசகர்கள் அறிவர். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறையைச் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் கைக்கொண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது அங்குப் பரவிற்று. நம்மிடமிருந்து மேலைநாட்டுக்குச் சென்ற கல்விமுறை என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

எனினும் மன்றோவின் கேள்விக்கு 1823இல் விடையெழுதிய பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், இம்முறையின் சிக்கனத்தைப் பாராட்டிய அதே கையால் மற்றொன்றையும் எழுதினார். அவர் கண்டவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். அங்குப் பாடநூல்கள் யாவும் பேச்சு வழக்கிலிருந்து விலகிய செய்யுள் நடையில் இருந்தன. பிள்ளைகள் எண்ணற்ற பாடல்களைப் பிழையின்றி ஒப்பித்தனர். பொருள் அறிந்தவர் மிகச் சிலர். ஆசிரியர்களிலும் விளக்கிச் சொல்ல வல்லவர் அரியர். கிளிக்குக் கற்பித்த சொல்லைப் போன்றதே அவர்களுடைய கல்வி என்பது அவர் கண்ட முடிவு. ஆட்சியாளர் ஒருவரின் பார்வை என்று இதனை ஒதுக்கிவிட நமக்கும் ஆசைதான். ஒதுக்க முடியாமற்போன காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் சொல்வோம்.

வாசல் திறந்த கதை

திண்ணையில் அமர முடியாதவர்களுக்கு வாசல் திறந்த வரலாறு அதன் பின்னரே தொடங்குகிறது. கிறித்தவச் சமயப் பணியாளர்களின் பள்ளிகள், 1894 முதல் ஆல்காட் சென்னையில் நிறுவிய பஞ்சமர் பள்ளிகள், 1920களில் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள் எனப் படிப்படியாக அது நிகழ்ந்தது. 1920இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை ஓர் ஆட்சிமன்றம் தீர்மானமாக எழுதி வைத்த நாள் அது.

இருந்தும் விடுதலைக்குப் பின் 1951இல் எடுத்த கணக்கில், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 20.8 விழுக்காட்டினர். பெண்களிலோ பத்தில் ஒருவர். பள்ளிகள் போதவில்லை, பணமும் இல்லை. அந்நிலையில் 1953இல் முதலமைச்சர் இராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணிநேரப் பள்ளி. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இரு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். ஆனால் தந்தையின் தொழில் என்பது இந்நாட்டில் தந்தையின் சாதியே அன்றி வேறென்ன? ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்ட காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின் நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கையேந்தினார். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசின் கருவூலம் இதைத் தாங்குமா என்று கேட்டவர்கள் பலர். தாங்கியது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் சேர்ந்தது. 1920இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய சிந்தனை, கட்சிகள் மாறியும் நூறாண்டுகள் அறுபடாமல் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசியலில் இத்தகைய தொடர்ச்சி அரிது.

புதுக்கோட்டையின் மிதிவண்டி

பள்ளிக்கு வரும் வயதைக் கடந்துவிட்டவர்களின் கதை தனியானது. 1990களின் தொடக்கத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் அவர்களை நாடிச் சென்றது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆடவர் கல்லூரியில் சேர்ந்து படிக்க மன்னரின் தனி அனுமதி தேவைப்பட்டது. அதே புதுக்கோட்டையில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், வயல்களிலும் கல்குவாரிகளிலும் உழைத்த பெண்கள் இரவு வகுப்புகளில் அகரம் எழுதினர்; எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கைநாட்டு மறைந்து கையெழுத்து வந்தது. அந்த ஆண்டுகளில் களத்தில் நின்ற எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் தம் பட்டறிவை எழுதியுள்ளார். இலக்கியவாதிகள் கல்வியை மேடைப் பொருளாக மட்டும் கொள்ளாமல் தெருவில் இறங்கிய அரிய காலம் அது. ஆயினும் இயக்கம் ஓய்ந்தபின், படிக்க நூலும் எழுதத் தேவையும் இல்லாமல், கற்ற எழுத்தை மறந்தோரும் உண்டு.

2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. அறுபது ஆண்டுகளில் நான்கு மடங்கு. இது எளிய சாதனையன்று. ஆனால் மன்றோவின் அட்டவணையைப் படித்ததுபோலவே இதனையும் படிக்க வேண்டும். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. பட்டியலின மக்கள் 73 விழுக்காட்டளவில். பழங்குடியினர் 54 விழுக்காட்டளவில். கன்னியாகுமரி 91ஐக் கடந்து நிற்க, தருமபுரி 68.5இல் நிற்கிறது. 1826இல் அட்டவணைக்கு வெளியே இருந்தவர்களின் வழிவந்தோரே இன்று அட்டவணையின் கடைசி வரிசைகளில் இருக்கிறார்கள்.

எண் சொல்லாதது

தமிழ்நாட்டில் இன்று பள்ளி செல்லாப் பிள்ளைகள் மிகச் சிலரே. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் 47 விழுக்காடு. அவ்வாண்டில் நாட்டின் சராசரி 28.4. வாசல் திறந்துவிட்டது. ஆனால் 2022இல் ஊரகப் பகுதிகளில் நடந்த ‘அசர்’ ஆய்வில், மூன்றாம் வகுப்பில் இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்றோர் 4.8 விழுக்காட்டினரே. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்ததை முழுக் காரணமாகச் சொல்ல இயலாது. 2018இலேயே அது 10.2 விழுக்காடுதான். ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்கள் 2022இல் தொடங்கின. 2024 ஆய்வில் நிலை ஓரளவு ஏறியது. எனினும் பள்ளியில் இருத்தலும் படிக்க அறிதலும் ஒன்றல்ல என்பதை இவ்வெண்கள் மறைக்காமல் சொல்கின்றன.

கேம்பெலின் கிளியை ஏன் ஒதுக்க முடியவில்லை என்பதற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது வகுப்பில் முதலாமாண்டு மாணவி ஒருவர் இருந்தார். அவருடைய பாட்டி அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர். தாய் சத்துணவு உண்டு எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கல்லூரிக்கு வந்தவர். மேலே நாம் எழுதிய வரலாறு முழுவதும் அந்த ஒரு வீட்டில் இருந்தது. தேர்வில் நெடுவினாக்களுக்கு அவர் எழுதிய விடைகளில் ஒற்றுப்பிழைகூட இராது. ஒருநாள் செய்தித்தாள் பத்தி ஒன்றைக் கொடுத்துப் படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னோம். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, “இதுவும் மனப்பாடப் பகுதியா, ஐயா?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவரிடம் எவரும் வேறொன்று கேட்டதில்லை, நாமும்தான் கேட்டதில்லை. எட்டுத்தொகையின் சிறப்பைப் பத்துக் குறிப்புகளாக எழுதச் சொன்னோம், எழுதினார், மதிப்பெண் இட்டோம். பானை ஓட்டில் பெயர் கீறியவனைப் பற்றி நாம் பெருமிதத்தோடு சொன்னதையும் அவர் மனப்பாடமாகவே எழுதியிருந்தார்.

சோறு, சீருடை, பேருந்துச் சலுகை, கட்டணமில்லாப் பாடநூல் ஆகியவற்றால் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணியை அரசியல் செய்தது. வந்தபின் படிக்க வைக்கும் பணி மொழியாசிரியர்களுடையது. அதில் நாம் திண்ணைக் காலத்திலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது.

அவ்வாண்டு முதல் வாரத்தில் ஒரு மணிநேரத்தைப் பாடத்திட்டத்தில் இல்லாத பக்கம் ஒன்றைப் படிப்பதற்கென்றே ஒதுக்கி வருகிறோம். தேர்வு இல்லை, குறிப்பும் இல்லை. பாடப்பகுதி முடியவில்லை என்று துறையில் முணுமுணுப்பு எழுந்தது, அது நியாயமே. அந்த மாணவி மூன்றாம் மாதத்தில் ஒரு சிறுகதையை உரக்கப் படித்துக்கொண்டு வருகையில் பாதியில் நிறுத்தி, “இந்த அம்மா இப்படிப் பேசியிருக்க மாட்டாங்க, ஐயா. எங்க பாட்டியா இருந்தா பேசாமதான் இருந்திருப்பாங்க” என்றார். அன்று வகுப்பு முடியும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.