திருநாதர்குன்றில் முகமில்லாத சீடர்கள்

திண்டிவனத்தில் எங்களுக்குச் சிற்பப் பட்டறை. சீனச் சிற்பங்களின் படம் எதைப் பார்த்தாலும் என் கண் புத்தரைத் தாண்டி அவருடைய சீடர்களிடம்தான் போகும். லுவோயாங் அருகே லோங்மென் குகைகளில் 675-இல் முடிந்த பெரிய புத்தரின் இருபுறமும் ஆனந்தரும் காசியபரும் நிற்கிறார்கள். ஆனந்தருக்கு வழவழப்பான இளமுகம். காசியபர் சிலை சிதைந்துபோனது. ஆனால் வேறு சீனக் குகைகளில் அவரைச் சுருக்கம் விழுந்த கிழவராகவே செதுக்கியிருக்கிறார்கள். யார் எவர் என்று முகமே சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் சீடர்களுக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க, செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று ஏற வேண்டும். மேலே ஒரு பெரும்பாறை. அதில் வரிசைக்குப் பன்னிருவராக, இரண்டு வரிசையில் சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே கோலத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தச் சமண நெறியில் வந்த துறவி சந்திரநந்தி ஆசிரியர், இதே குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். அவருக்கு உருவம் இல்லை. பாறையில் பெயரும், நோன்பு நாளின் கணக்கும், இது அவருடைய நிசீதிகை, அதாவது நோன்பிருந்து உயிர் விட்ட இடம், என்பதும் மட்டுமே உண்டு. வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு என்பார்கள். பிற்காலத்தில் இளையபடாரர் 30 நாள் நோற்று இங்கேயே மறைந்தார். அவருக்கும் எழுத்துதான்.

லோங்மென் சுண்ணாம்புக்கல், உளிக்கு இளகும். செஞ்சிக் கருங்கல் இளகாது, அதனால்தான் முகம் வைக்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மாமல்லபுரத்துத் தபசுப் பாறையும் கருங்கல்தானே? ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்கு அங்கே விலா எலும்புகூடத் தெரிகிறது. கல்லால் முடியாததல்ல இது. பட்டினி கிடந்து உடம்பை விட்டவருக்கு மறுபடியும் ஓர் உடம்பைச் செதுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பெயரை மட்டும் வெட்டும் இந்த வழக்கத்தின் வேர் இன்னும் பழையது. இதே விழுப்புரம் மாவட்டத்து நெகனூர்பட்டியில், ஏறக்குறைய 4-ஆம் நூற்றாண்டுத் தமிழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சேக்கந்தி என்பவரின் தாய் சேக்கந்தண்ணி, துறவியர் தங்கும் பள்ளி செய்வித்த செய்தி அதில் உள்ளது. அந்தத் தாயும் பெயரைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறாள், முகத்தை அல்ல.