இடம் மாறித் தோன்றும் கொழுப்பு

மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில், சில வேளைகளில் சிறுநீரகத்தின் ஒரு பக்கத்தில் கரிய கோடும் எதிர்ப்பக்கத்தில் வெண்ணிறக் கோடும் காணப்படும். உடலிலோ அத்தகைய கோடுகள் இல்லை. இல்லாததைப் படம் காட்டுவானேன்? இவ்வினாவிற்குரிய விடை, அக்கருவி தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே கிடைத்துவிட்டது. அவ்வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள், தமக்குரிய அதிர்வெண் கொண்ட வானொலி அலைகளுக்கு மட்டுமே இசைந்து அதிரும். இதனை 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிளாக் குழுவினரும் பர்செல் குழுவினரும் தனித்தனியே வெளியிட்டனர். 1952இல் பிளாக், பர்செல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். ஒருவகை அணுக்கருவுக்கு ஓர் அதிர்வெண்ணே உண்டு என்று பௌதிக அறிஞர் எதிர்பார்த்தனர்.

1950இல் அவ்வெதிர்பார்ப்பு பொய்த்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிராக்டர், யூ என்னும் இருவர் நைட்ரஜன் அணுக்கருவை அளப்பதற்காக அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டனர். ஒரு குறி தோன்ற வேண்டிய இடத்தில் இரண்டு தோன்றின. அதே ஆண்டில் டிக்கின்சன் என்பார் புளோரின் சேர்மங்களிலும் இத்தகைய வேறுபாட்டைக் கண்டார். அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் புறக் காந்தப் புலத்தைச் சிறிது தடுக்கின்றன. அணு எதனோடு பிணைந்துள்ளதோ அதற்கேற்பத் தடுப்பின் அளவும் மாறும். இதுவே இரசாயனப் பெயர்ச்சி எனப்படுவது.

அணுக்கருவைத் துல்லியமாக அளக்க விரும்பிய பௌதிகருக்கு இஃது இடையூறாயிற்று. இரசாயனருக்கோ பெருஞ்செல்வமாயிற்று. 1951இல் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கர்டு ஆகியோர், எத்தில் ஆல்ககாலில் உள்ள ஹைட்ரஜன் மூன்று தனிக் குறிகளைத் தருவதைக் காட்டினர். மூவருள் தர்மட்டி இந்தியர். பின்னர்ப் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தவர்.

1973இல் லாட்டர்பர் என்னும் அறிஞர் புதுவழி ஒன்று கண்டார். காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் படிப்படியாக ஏறச் செய்தால், அதிர்வெண்ணைக் கொண்டே இடத்தை அறியலாம் என்பதே அவ்வழி. வகுப்பில் மாணவரைத் தாழ்ந்த குரல் முதல் உயர்ந்த குரல் வரை வரிசையாக அமர்த்திவிட்டால், கண்ணை மூடிக்கொண்டே எவன் எங்கிருந்து பேசுகிறான் எனக் கூறிவிடலாம். ஆனால் ஒருவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், அவன் வேறிடத்தில் இருப்பதாகவே கொள்வோம். படத்தில் கொழுப்பு அத்தகைய மாணவன்.

நீரில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு பிணைந்துள்ளது. கொழுப்பில் பெரும்பாலும் கார்பனோடு பிணைந்துள்ளது. ஆதலின் கொழுப்பின் அதிர்வெண், நீரினதைவிடப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3.5 பங்கு தாழ்ந்தது. 1.5 டெஸ்லா காந்தத்தில் இவ்வேறுபாடு வினாடிக்குச் சுமார் 220 அதிர்வுகள். படத்தின் ஒரு புள்ளிக்கு 110 அதிர்வுகள் ஒதுக்கப்பட்டிருப்பின், கொழுப்பு இரண்டு புள்ளிகள் தள்ளி வரையப்படும். அது விலகிய பக்கம் வெறுமையாகிக் கறுக்கும். நீரின்மேல் ஏறிய பக்கம் வெளுக்கும். இதனை அறியாதார் அக்கோட்டை நோயின் அடையாளமென்று கருதிவிடக்கூடும். காந்தத்தின் வலிமை 3 டெஸ்லாவாக உயரின் அதிர்வெண் வேறுபாடும் இருமடங்காகும்.

புள்ளிக்குரிய அதிர்வெண் எல்லையை விரித்தால் பெயர்ச்சி குறையும். ஆயின் படத்தில் இரைச்சல் மிகும். கொழுப்பின் குறியை முன்னதாகவே அடக்கிவிடுவதும் உண்டு. 1984இல் டிக்சன் என்பார் வேறு வழி காட்டினார். நீரும் கொழுப்பும் ஒருங்கே இசையும் கணத்தில் ஒரு படமும், எதிரெதிராக நிற்கும் கணத்தில் மற்றொரு படமும் எடுத்து, அவற்றைக் கூட்டியும் கழித்தும் இரண்டையும் பிரித்தார். அவ்வழியிலிருந்து வளர்ந்த முறைகளால் இன்று கல்லீரலில் படிந்த கொழுப்பு அளக்கப்படுகிறது.

படத்தைக் கெடுத்த வேறுபாடே நோயை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. எதிர்பாராத விடை வந்தபோது அதனை அழித்துவிடாமல், ஏன் வந்தது என்று கேட்டவர்களாலேயே இது கைகூடியது. மாணவரின் ஏட்டில் சிவப்புக் கோடு இடுமுன் நாமும் கேட்கத்தக்க வினா அது.